ஐந்து மில்லிகிராமும் ஐம்பது மில்லிகிராமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை மாத்திரையைப் பற்றியவை. நெஞ்சுவலிக்காக மருத்துவர்கள் எழுதித் தரும் பீட்டா பிளாக்கர்களைப் பற்றி மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை இத்தனை பேருக்குச் சந்தேகம் இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. சீட்டில் பெயரை எழுதிக் கொடுக்கும் நாங்கள், அது எதற்கு என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அவ்வளவுதான். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 61. தாதர் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் படியேறும்போது நெஞ்சின் நடுவில் கனமாக அழுத்துகிறது; நின்றுவிட்டால் மூன்று நான்கு நிமிடங்களில் விலகிவிடும். ஆஞ்சியோ செய்து பார்த்துவிட்டு, ஒரு கிளையில் மட்டும் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்தே போதும் என்று கூறினார்கள். எனக்குப் பைசோபிரொலால் 5 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். இதே தொந்தரவுக்கு என் மைத்துனர் மெட்டோபிரொலால் 50 மில்லிகிராம் சாப்பிடுகிறார். சம்பந்திக்கோ கார்வெடிலால் 12.5 மில்லிகிராம், அதுவும் இரண்டு வேளை. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைந்த அளவு? இம்மூன்றில் இதயத்துக்கு நல்லது எது? – எஸ். ஆர்., மாட்டுங்கா.

பதில்: முதலில் மில்லிகிராம் கணக்கை முடித்துவிடுவோம். மில்லிகிராம் என்பது மருந்தின் எடையே தவிர அதன் வீரியம் அன்று. சாம்பாரில் ஒரு கரண்டி உப்பு போடுகிறவர் ஒரு கரண்டி பெருங்காயம் போடுவதில்லை. பைசோபிரொலால் 5 மில்லிகிராம் செய்யும் வேலையைச் செய்ய மெட்டோபிரொலால் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் வரை தேவைப்படும். ஆகவே உங்களுக்கும் மைத்துனருக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே அளவு சிகிச்சைதான்.

எது நல்லது என்ற கேள்விக்கு வருமுன், இம்மூன்றும் சேர்ந்த பீட்டா பிளாக்கர் வகை மருந்து இதயத்தில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டும். அந்த இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் குறுகியிருக்கும்போது, ஓய்வாக இருக்கையில் வரவும் செலவும் சரியாகவே போகும். படியேறும்போது செலவு கூடுகிறது, வரவு கூடுவதில்லை. அந்தப் பற்றாக்குறையைத்தான் தசை அழுத்தமாகவும் வலியாகவும் தெரிவிக்கிறது. 1950களின் இறுதிவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் குழாயை விரிக்கும் மருந்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே என்று யோசித்தார். அட்ரினலின் உடலில் செயல்படும் இடங்களை ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்து அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் எழுதிய கட்டுரை அவருக்குக் கைகொடுத்தது. பீட்டா வாசல்களை அடைத்துவிட்டால், அட்ரினலின் எவ்வளவு ஊறினாலும் இதயம் பதறி ஓடாது. அப்படிப் பிறந்த புரொப்பிரனலால் 1960களின் நடுவில் நோயாளிகளுக்குக் கிடைத்தது. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது.

செலவு எப்படிக் குறைகிறது? இதயம் துடிக்கும் வேகம், அது சுருங்கும் விசை, அது எதிர்த்துத் தள்ள வேண்டிய இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தே தசையின் பிராணவாயுத் தேவையை முடிவுசெய்கின்றன. பீட்டா பிளாக்கர் மூன்றையும் தணிக்கிறது. நிமிடத்துக்கு 80 முறை துடித்த இதயம் 60க்கு வந்தால் ஒரு நாளைக்கு 28,800 துடிப்புகள் மிச்சம்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு லாபம் உண்டு. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது இரத்தம் பாய்கிறது. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கோ அது தளர்ந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் பெரும்பகுதி இரத்தம் போகிறது, ஏனெனில் சுருங்கும்போது தசையே தன் குழாய்களை நெரித்துக்கொள்கிறது. மாநகராட்சித் தண்ணீர் குறிப்பிட்ட நேரம் மட்டும் வரும் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு. துடிப்பு 100 ஆனால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.6 விநாடி; சுருங்கும் நேரம் அதிகம் குறையாது, ஓய்வு நேரம்தான் ஏறக்குறைய பாதியாகிவிடும். துடிப்பை மெதுவாக்குவது தண்ணீர் வரும் நேரத்தை நீட்டித்துக் கொடுப்பது போன்றது. குழாயின் அகலம் மாறாமலேயே தொட்டி கூடுதலாக நிரம்புகிறது.

உங்கள் தாதர் பாலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணையும் பெருக்கினால் வரும் தொகை, இதயத்தின் அப்போதைய உழைப்புக்கு நல்ல அளவுகோல். நிலையான நெஞ்சுவலி உள்ள ஒருவருக்கு ஏறக்குறைய ஒரே தொகையைத் தொடும்போதுதான் ஒவ்வொரு முறையும் வலி தொடங்குகிறது. உங்களுக்கு அது 120 துடிப்பும் 150 அழுத்தமும் சேர்ந்த 18,000 என்று வைத்துக்கொள்வோம். மருந்து சாப்பிட்ட பிறகு அதே படிகளை அதே வேகத்தில் ஏறினால் துடிப்பு 95, அழுத்தம் 135, தொகை 12,825. வலியின் எல்லைக்கோடு நகரவில்லை. நீங்கள் அதை எட்டாமல் பாலத்தைக் கடந்துவிடுகிறீர்கள். ஆகவே மருந்து போதுமா என்று அறிய நாற்காலியில் உட்கார்ந்து நாடி பார்த்தால் பாதிதான் தெரியும். படி ஏறி முடித்த கையோடு ஒருமுறை மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். ஓய்வில் 55 முதல் 60 வரை இருப்பது எங்கள் வழக்கமான இலக்கு. ஏறியபின் நூறைத் தாண்டி வலியும் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி ஒப்பீடு. போதிய அளவில் கொடுத்தால் நெஞ்சுவலியைக் குறைப்பதில் இந்த மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அட்டெனலால், புரொப்பிரனலால் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டாலும் இதுவே பதில். வேறுபாடெல்லாம் வேறு இடங்களில் இருக்கிறது.

இதயத்தில் பெரும்பான்மையாக இருப்பவை பீட்டா ஒன்று என்ற வாசல்கள். மூச்சுக்குழாயிலும் இரத்தக் குழாய்களிலும் பீட்டா இரண்டு. புரொப்பிரனலால் இரண்டையும் அடைக்கும். அட்டெனலாலும் மெட்டோபிரொலாலும் முதல் வகையை நாடுபவை. பைசோபிரொலால் அதைவிடக் கூடுதலாக நாடும். அளவு கூடக் கூட இந்தப் பாகுபாடு மங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கார்வெடிலால் இரண்டு பீட்டாக்களையும் அடைப்பதோடு ஆல்ஃபாவையும் அடைத்துக் குழாய்களைத் தளர்த்துகிறது. அதனால்தான் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும்; உணவோடு எடுத்துக்கொண்டால் மருந்து மெதுவாக உட்கிரகிக்கப்பட்டு அந்தத் தொல்லை குறையும். சம்பந்தி வெறும் வயிற்றில் சாப்பிடுகிறாரா என்று ஒருமுறை கேளுங்கள்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அடுத்தது. பைசோபிரொலாலின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 12 மணி நேரமாகும், அதனால் ஒரு வேளை போதும். சாதாரண மெட்டோபிரொலால் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எனவே டார்ட்ரேட் என்று அட்டையில் அச்சிட்டதை இரண்டு வேளையாகவும், மெதுவாகக் கரையும் சக்சினேட் வகையை ஒரு வேளையாகவும் கொடுக்கிறோம். மைத்துனரின் மாத்திரை சக்சினேட் வகை என்றால், நடுக்கோட்டில் பாதியாக உடைக்கலாம். பொடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது.

உடலைவிட்டு வெளியேறும் வழியும் ஒன்றல்ல. அட்டெனலால் சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் அது உடலில் சேர்ந்துகொண்டே போகும். மெட்டோபிரொலாலையும் கார்வெடிலாலையும் கல்லீரல் கரைக்கிறது. பைசோபிரொலால் பாதி இங்கே, பாதி அங்கே. மனச்சோர்வுக்காக ஃப்ளூவாக்செட்டின் அல்லது பராக்செட்டின் சாப்பிடுகிறவரின் கல்லீரலில் மெட்டோபிரொலால் கரைவது தடைப்பட்டு, வழக்கமான அளவே கூடுதல் அளவுபோல வேலை செய்யும். இதயத்துக்கு ஒரு மருத்துவர், மனத்துக்கு ஒரு மருத்துவர் என்று தனித்தனியாகப் பார்க்கும் குடும்பங்களில் இது அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது.

கடைசியாக, இதயத்தின் பம்பு வலுவிழந்திருந்தால் தேர்வு சுருங்கிவிடும். எக்கோ அறிக்கையில் இ.எஃப். என்று எழுதியிருக்கும் விழுக்காடு (கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படும் பங்கு) 40க்குக் கீழே போனவர்களுக்கு ஆயுளை நீட்டிப்பதாக ஆய்வுகளில் உறுதியாகத் தேறியவை பைசோபிரொலால், மெட்டோபிரொலால் சக்சினேட், கார்வெடிலால் ஆகிய மூன்றே. நெபிவொலாலுக்கு முதியவர்களிடம் செய்த ஆய்வு ஓரளவு துணை நிற்கிறது. அட்டெனலாலுக்கு அத்தகைய சான்று கிடையாது. உங்கள் சம்பந்திக்கு இ.எஃப். குறைவாகவோ சர்க்கரை நோயோ இருக்கலாம், அதனால் அவருடைய மருத்துவர் கார்வெடிலாலைத் தேர்ந்திருக்கலாம். அவருடைய உடலுக்குப் பார்த்த கணக்கை உங்கள் உடலுக்கு மாற்றிப் போட முடியாது. மூச்சிரைப்போ சிறுநீரகக் கோளாறோ எழுதியிராத உங்களுக்குப் பைசோபிரொலாலில் நான் குறை காணவில்லை.

இந்த மருந்துகளுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு முழுமையாகாது. மெதுவாகத் துடிக்கும் இதயம் ஒவ்வொரு முறையும் கூடுதலாக நிரம்புகிறது. அறை சற்று விரிகிறது. விரிந்த சுவரின் இழுவிசையைத் தாங்கவும் பிராணவாயு செலவாகிறது. சேமித்ததில் ஒரு பகுதி இப்படிக் கைவிட்டுப் போகிறது. நைட்ரேட் வகை மாத்திரைகள் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்து அறையைச் சுருக்குகின்றன, ஆனால் துடிப்பை விரட்டிவிடுகின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. உங்கள் சீட்டில் இரண்டும் இருந்தால் அதன் காரணம் இதுவே. கால்சியம் தடுப்பு மருந்துகளில் ஆம்லோடிபைனோடும் பீட்டா பிளாக்கர் நன்றாக ஒத்துப்போகும். வெராபமிலோடு மட்டும் சேரக் கூடாது. இரண்டும் துடிப்பைத் தணிப்பவை, சேர்ந்தால் இதயம் ஆபத்தான அளவுக்கு மந்தமாகிவிடும். டில்டியாசத்தோடு சேர்ப்பதென்றால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. மழைக்காலம் வந்தால் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. இப்போது நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்று காட்டியதில் இதய நோய் என்றார்கள். அவளுக்கு பீட்டா பிளாக்கர் தரவில்லை. குறைவான சிகிச்சை கிடைக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகர், செம்பூர்.

பதில்: குறைவான சிகிச்சை அன்று, கவனமான சிகிச்சை. மூச்சுக்குழாயில் இருக்கும் பீட்டா இரண்டு வாசலைத் திறந்துதான் உங்கள் மனைவியின் சால்பியூட்டமால் இன்ஹேலர் வேலை செய்கிறது. புரொப்பிரனலால், கார்வெடிலால் போன்றவை அந்த வாசலைச் சாத்திவிடுவதால் மூச்சுத்திணறல் கிளம்பும். கிளம்பிய பிறகு இன்ஹேலரும் சரியாகக் கேட்காது. இதயத்தையே பெரும்பாலும் நாடும் பைசோபிரொலால் போன்றவற்றைப் புகைபிடிப்பதால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நாங்கள் தயங்காமல் கொடுக்கிறோம், ஆனால் அடிக்கடி கிளம்பும் ஆஸ்துமா வேறு நோய். அதில் துணிவதற்குத் தகுந்த காரணம் வேண்டும். பம்பு வலுவாக இருந்தால் டில்டியாசம் அல்லது வெராபமில் துடிப்பையும் தணித்து வலியையும் குறைக்கும், மூச்சுக்குழாயைத் தொடாது. துடிப்பை மட்டும் குறைக்கும் இவாபிராடைன் மற்றொரு வழி. ஆனால் வெராபமிலும் டில்டியாசமும் கல்லீரலில் அது கரைவதைத் தடுப்பதால் அவற்றோடு சேர்த்து அதைத் தருவதில்லை. நிகோராண்டில், ரனோலசின் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன.

நிலையான நெஞ்சுவலியில் பீட்டா பிளாக்கரையும் கால்சியம் தடுப்பு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் ஒரு கட்டுரை வெளியானது. வாரத்துக்கு வரும் வலிகளின் எண்ணிக்கையிலும், பக்கவிளைவால் மருந்தை நிறுத்துவோரின் எண்ணிக்கையிலும் பீட்டா பிளாக்கர் சற்று முந்தியிருந்தது. இறப்பிலும் மாரடைப்பிலும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மாரடைப்பு வராத, பம்பு நன்றாக இருக்கிற நெஞ்சுவலிக்காரருக்கு பீட்டா பிளாக்கர் வலியைக் குறைக்கும் மருந்தே. ஆயுளுக்குக் காவல் நிற்பவை கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின், ஆஸ்பிரின், இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையிலையை விடுவது ஆகியவை. அவை உங்கள் மனைவியின் சீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆஸ்பிரின் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால், முன்பு எப்போதாவது அது சேராமல் போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஊரில் கோயில் கொடைக்காகத் திருநெல்வேலிக்குப் போனபோது மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். நான்கு வருடமாகச் சாப்பிடுவது, நான்கு நாள் சாப்பிடாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் படபடப்பும் முன்பைவிடக் கடுமையான நெஞ்சுவலியும் வந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? – தாராவி வாசகர்.

பதில்: அடிமையாகவில்லை. வாசல்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. கூடுதல் வாசல்களைக் கட்டிக்கொள்கிறது. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், அந்தக் கூடுதல் வாசல்கள் வழியாக அட்ரினலின் மொத்தமாக உள்ளே நுழைகிறது. துடிப்பும் அழுத்தமும் மருந்துக்கு முன்பிருந்ததைவிடக் கூடப் போகலாம். இதயத்தமனி நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பொது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும், ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, அந்த நாட்களில் கடினமான வேலைகளைத் தவிர்த்து நிறுத்த வேண்டும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் அதை மட்டும் சாப்பிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஊருக்குப் போவது ஒன்றரை நாள் ரயில் பயணம் என்பதால் மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. சீட்டின் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருங்கள். மும்பையில் வாங்கும் பிராண்டு ஊர்க் கடையில் இருக்காது. ஆனால் மருந்தின் மூலப்பெயரைச் சொன்னால் வேறு நிறுவனத்தின் அதே மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கும், மக்கள் மருந்தகத்தில் மலிவாகவும் கிடைக்கும். வாங்கும்போது மெட்டோபிரொலாலா, எஸ்-மெட்டோபிரொலாலா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் வேலை செய்யும் பாதி மட்டும் பிரித்தெடுக்கப்பட்டிருப்பதால் அதில் 25 என்பது மற்றதில் 50க்குச் சமம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வலியே இல்லை, எக்கோவில் இ.எஃப். 58 விழுக்காடு. இன்னும் மெட்டோபிரொலால் சாப்பிட வேண்டுமா? வேண்டாம் என்று புதிய ஆய்வு சொல்வதாக மகன் கூறுகிறான். – கே. வி., முலுண்ட்.

பதில்: உங்கள் மகன் சரியாகத்தான் படித்திருக்கிறார், ஆனால் பாதியைப் படித்திருக்கிறார். 2024இல் வெளிவந்த ரெட்யூஸ் ஏ.எம்.ஐ. என்ற ஆய்வு, பெரும்பாலும் சுவீடனில், மாரடைப்புக்குப் பிறகும் இ.எஃப். 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்த 5,020 பேரிடம் நடந்தது. தொடக்கத்திலேயே பாதிப் பேருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. இறந்தவர்களும் மீண்டும் மாரடைப்பு வந்தவர்களும் மருந்து சாப்பிட்டவர்களில் 7.9 விழுக்காடு, சாப்பிடாதவர்களில் 8.3 விழுக்காடு; வேறுபாடு என்று சொல்லத்தக்கதில்லை. ஆனால் அதே ஆண்டில் பிரான்சில் நடந்த அபிஸ் ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது: ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் நிறுத்தினால் என்ன ஆகும்? நிறுத்தியவர்களில் 23.8 விழுக்காட்டினரும் தொடர்ந்தவர்களில் 21.1 விழுக்காட்டினரும் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்க்காக மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானார்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் மருத்துவமனைச் சேர்க்கைகளால் வந்தது.

தொடங்காமல் இருப்பதும் தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றல்ல என்றே நான் இதைப் படிக்கிறேன். மருந்தால் சோர்வோ, தூக்கக் கெடுதலோ, மிகக் குறைந்த நாடியோ இருந்தால் நிறுத்துவதைப் பற்றி உங்கள் மருத்துவரோடு பேசலாம். முன்பு உங்களுக்கு நெஞ்சுவலி இருந்ததா, இரத்த அழுத்தத்துக்கும் அதுவே மருந்தாக இருக்கிறதா என்பதை அவர் முதலில் பார்ப்பார். தொல்லை எதுவுமில்லை என்றால் எனக்கு அவசரம் இல்லை.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நெஞ்சுவலிக்கு மெட்டோபிரொலால் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கினால் தெரியாமல் போய்விடும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். – ஆர். எல்., டோம்பிவிலி.

பதில்: ஓரளவு உண்மை. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே காரணமில்லாமல் வியர்த்தால் உடனே விரலில் குத்திச் சோதித்துப் பாருங்கள். மெட்டோபிரொலால் போன்ற இதயம் நாடும் மருந்துகளில் இந்த ஆபத்து புரொப்பிரனலாலைவிடக் குறைவு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் கார்வெடிலாலையும் மெட்டோபிரொலாலையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. மெட்டோபிரொலாலில் 0.15 கூடியது, கார்வெடிலாலில் கூடவில்லை. மிகச் சிறிய வேறுபாடு. இதற்காக மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: எனக்குப் படியேறினாலும் ஓடினாலும் ஒன்றும் செய்வதில்லை. விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குத் தூக்கத்தில்தான் நெஞ்சை அடைக்கிறது. அட்டெனலால் தொடங்கிய பிறகு அது அதிகமானதுபோல் தோன்றுகிறது. – பெயர் வேண்டாம், சயான்.

பதில்: இதை உங்கள் மருத்துவரிடம் இதே சொற்களில், இந்த வாரமே சொல்லுங்கள். உழைப்பில் வராமல் ஓய்வில், அதுவும் விடியற்காலையில் வரும் வலி, அடைப்பால் அல்லாமல் குழாய் தானாகவே இறுகிக்கொள்வதால் வருவதாக இருக்கலாம். பிரின்ஸ்மெட்டல் வகை என்று அதைச் சொல்வார்கள். அதில் பீட்டா வாசலை அடைத்தால், குழாயை இறுக்கும் ஆல்ஃபாவின் கை ஓங்கி வலி கூடுவதுண்டு. அங்கே டில்டியாசம், ஆம்லோடிபைன் போன்றவையும் நைட்ரேட்டுமே மருந்து. ஓய்வில் வரும் வலி மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால், நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்து ஐந்து நிமிடங்களில் விலகாவிட்டால் 108ஐ அழையுங்கள்; விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அட்டெனலாலை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: வயது 48. மாத்திரை தொடங்கிய பிறகு தாம்பத்திய உறவில் தளர்ச்சி. மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – பெயர், ஊர் வேண்டாம்.

பதில்: கேட்டுவிடுங்கள், எங்களுக்குக் கூச்சமில்லை. மருந்தால் வரலாம். இதயத்தமனியைக் குறுக்கிய அதே நோய் அங்குள்ள குழாய்களையும் குறுக்கியிருக்கலாம். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே கேள்விப்பட்டவர்களுக்கு அது கூடுதலாக வருவதும் ஆய்வில் தெரிந்த செய்தி. நெபிவொலால் இரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டித் தளர்த்துவதால் இந்தத் தொல்லை அதில் குறைவு, மாற்றிப் பார்க்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேட்டோ சாப்பிடுகிறவர், இந்தத் தளர்ச்சிக்கான சில்டெனாஃபில் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். நிகோராண்டில் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 76. நெஞ்சுவலிக்காக இரண்டு ஆண்டுகளாகப் பைசோபிரொலால் 2.5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். நாடி 60ஐ ஒட்டியே இருந்தது. ஒரு மாதமாக 46, 47 என்று காட்டுகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. புதிதாக எந்த மாத்திரையும் சேர்க்கவில்லை. – ஒரு வாசகி, காட்கோபர்.

பதில்: மாத்திரை சேர்க்கவில்லை என்கிறீர்கள், சொட்டு மருந்து? இந்த வயதில் கண் அழுத்தத்துக்காக டிமொலால் சொட்டு தொடங்கியிருந்தால், அதுவும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேராக இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகும். கண் மருத்துவரிடம் இதய மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அப்படி இருந்தால், கண் அழுத்தத்துக்கு வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றும்வரை, சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இறங்குவது குறையும். சொட்டு எதுவும் இல்லை என்றால், இதயத்தின் மின்பாதையே வயதால் தளர்ந்திருக்கலாம், ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இரண்டில் எதுவானாலும் தலைசுற்றலோடு 46 துடிப்பு என்பது நாள் கடத்தக் கூடியதன்று. அவரை இன்றே அழைத்துச் செல்லுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் மருந்துகளை, சொட்டு உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.